டெக்னர் வளைவு

வாரம் 1: சைலன்சரின் வயிற்றுக்குள்

யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு அந்தப் பாய்ச்சல் மறக்காது. ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக ஒரு கட்டம்வரை சாதுவாகப் போகும் வண்டி, திடீரென்று யாரோ பின்னாலிருந்து உந்தித் தள்ளியதுபோல் சீறும். பிக்கப் என்றால் இதுதான் என்று நம் ஊர் இளைஞர்கள் இன்றும் பழைய ஆர்எக்ஸைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, பிள்ளைபோல் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சீற்றத்தில் பெரும்பங்கு சைலன்சருடையது. அது வெறும் புகைக்குழாய் அல்ல. உள்ளே முதலில் விரிந்து, பிறகு குறுகும் கூம்பு வடிவம் இருக்கிறது. ஏன் அப்படி?

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. எரிந்த புகை வெளியேறும் துவாரம் திறந்திருக்கும்போதே, புதிய பெட்ரோல் கலவையும் சிலிண்டருக்குள் நுழைகிறது. உலை பொங்கும்போது கஞ்சியோடு ஒரு பிடி அரிசியும் வழிந்துபோவதுபோல, எரியாத கலவையில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். இதனால்தான் 1950-களில் பெரிய கம்பெனிகள் டூ-ஸ்ட்ரோக்கை ஏழையின் வண்டி என்று ஒதுக்கின. ரேஸ் என்றால் ஃபோர்-ஸ்ட்ரோக்தான் என்பது அன்றைய வேதவாக்கு.

அந்த வேதவாக்கை உடைத்தவர் வால்டர் காடன். நம் தொடரின் நாயகன் இவர் அல்ல. ஆனால் இவரைத் தெரிந்துகொள்ளாமல் நாயகன் செய்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

காடன் 1919-ல் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது பால்டிக் கடலோரம் பேனமுண்டே ஆயுத ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. ஜெர்மனியின் ராக்கெட்டுகள் பிறந்த அதே பேனமுண்டேதான். போர் முடிந்து ஊர் திரும்பியவர், குண்டுவீச்சில் கூரை இழந்த வீடுகளுக்கு மரச்சட்டங்கள் செய்து கொடுத்துப் பிழைத்தார். ஓய்வு நேரத்தில் ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக்கைக் குடைந்து, கொத்தி, ரேஸ் வண்டியாக்கினார். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, சோப்பாவ் என்ற சிற்றூரின் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை அவரைக் கூப்பிட்டு ரேஸ் பிரிவையே கையில் கொடுத்தது.

போருக்கு முன் டிகேடபிள்யூ என்ற பெயரில் உலகப்புகழ் பெற்றிருந்த தொழிற்சாலை அது. போர் முடிந்ததும் சோவியத் படைகள் அதன் இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டன. மிஞ்சிய கட்டடத்தில், கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியின் அரசு நிறுவனமாக, எம்.இசட் என்ற புதுப்பெயரோடு அது மறுபடி எழுந்தது. நல்ல இரும்பு கிடைப்பதே பெரும்பாடு. பணமும் இல்லை. காடனிடம் இருந்தது, அலைகளைத் திரையில் காட்டும் ஓர் ஆசிலோஸ்கோப்பும் பொறுமையும்.

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் அது சுவரில் மோதித் திரும்பும் அல்லவா? புகைக்குழாயில் கிளம்பும் அழுத்த அலையும் அப்படித்தான். குறுகும் கூம்பில் மோதித் திரும்பும் அந்த அலை சரியான கணத்தில் சிலிண்டர் வாசலுக்கு வந்து சேர்ந்தால், தப்பியோடிய கலவையை மறுபடி உள்ளே தள்ளிவிடும். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று ஓடும் இன்ஜினில், ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் 166-ல் ஒரு பங்கு. அதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டும். விரிந்து குறுகும் குழாயை முதலில் முயன்றவர் காடன் அல்ல. ஆனால் குழாயின் நீளம் என்ன, கூம்பின் சரிவு என்ன என்று அலையைத் திரையில் பார்த்து அளந்து, அதை ஒரு கணக்காக ஆக்கியவர் அவர். கலவை உள்ளே நுழையச் சுழல்தட்டு வால்வு, பிஸ்டனைக் குளிர்விக்கவும் கூடுதல் கலவை ஏற்றவும் மூன்றாவது துவாரம் என்று மேலும் இரண்டு உத்திகளை அதனோடு சேர்த்தார்.

1961-ல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. அதாவது லிட்டருக்கு 200. டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாமல் உலகில் எந்த இன்ஜினும் அதுவரை தொடாத எண். ஒப்பிட்டுப் பாருங்கள்: 24 ஆண்டுகள் கழித்து வந்த நம் ஆர்எக்ஸ் 100, 98 சிசியில் கொடுத்தது 11.

இந்த இரகசியம் முழுதாகத் தெரிந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அவர்களில் ஒருவர் அந்த வண்டியின் மேல் உட்கார்ந்து ஓட்டியவர்.

1961 ஜூன். ஐல் ஆஃப் மேன் தீவில் டி.டி. பந்தயம். எம்.இசட் குழு ஒரு விடுதியில் தங்கியிருந்தது. அதே விடுதியில், தோல்விமேல் தோல்வி கண்டு துவண்டுபோன ஜப்பானியர்கள் சிலரும் தங்கியிருந்தார்கள்.

(அடுத்த வாரம்...)

வாரம் 2: ஆகஸ்ட் 13

அந்த ஓட்டுநரின் பெயர் எர்ன்ஸ்ட் டெக்னர்.

1931-ல் இன்று போலந்தில் இருக்கும் கிளைவிட்ஸ் நகரில் பிறந்தார். போரின் கடைசி மாதங்களில், முன்னேறி வந்த செம்படைக்கு அஞ்சி மேற்கே ஓடிய இலட்சக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ஊரை விட்டு ஓடுவது என்றால் என்னவென்று பதின்மூன்று வயதிலேயே அவருக்குத் தெரியும். பிறகு பொறியியல் படித்தார். இது முக்கியம். அந்நாளைய ரேஸ் வீரர்களில் பலருக்கு வண்டியை முறுக்கத் தெரியும், அவ்வளவுதான். டெக்னருக்கு இன்ஜினின் உள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெரியும். 1956-ல் அவர் எம்.இசட்டில் சேர்ந்தபோது காடனுக்குக் கிடைத்தது வெறும் ஓட்டுநர் அல்ல, பேச்சுத்துணையான ஓர் இன்ஜினியர். 1959-ல் இத்தாலியின் மோன்சாவில் 125 சிசி கிராண்ட் பிரீயை டெக்னர் வென்றார். ஏழையின் வண்டி என்ற பேச்சு அன்றோடு அடங்கத் தொடங்கியது.

ஆனால் வென்ற மாலையில் மேற்கத்திய வீரர்களோடு கைகுலுக்கிவிட்டு, மறுநாள் அவர் கிழக்கே திரும்பியாக வேண்டும். மேற்கத்திய வீரர்கள் புதுக்காரில் ஊர் திரும்புவார்கள். இவரோ மேற்கே காலெடுத்து வைக்க ஒவ்வொரு முறையும் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். குழுவோடு ஸ்டாசி என்ற உளவுத்துறையின் கண்களும் பயணம் செய்தன. எல்லாவற்றுக்கும் மேல், மனைவியும் இரண்டு சிறு மகன்களும் ஊரில் இருந்தார்கள். வெளிநாடு போகும் ஒருவன் திரும்பி வருவான் என்பதற்கு அதைவிடப் பெரிய பிணை எந்த அரசுக்கும் தேவையில்லை.

இப்போது அந்த விடுதிக்கு வருவோம். ஜப்பானியர்கள் சுஸுகி கம்பெனிக்காரர்கள். 1960-ல் முதன்முதலாக டி.டி.க்கு வந்தபோதே அவர்கள் வண்டிகள் பின்தங்கின. 1961-லும் அதே கதை. அதே தீவில், அதே வாரத்தில், இன்னொரு ஜப்பானியக் கம்பெனியான ஹோண்டா, மைக் ஹெயில்வுட்டை வைத்து 125, 250 இரண்டு பிரிவுகளையும் வென்றது. ஹோண்டா, சுஸுகி, யமஹா மூன்றுமே ஹமாமட்சு மண்ணில் முளைத்தவை. பக்கத்து வீட்டுக்காரன் கொடி நாட்டிவிட்டான், நாம் எந்த முகத்தோடு ஊர் திரும்புவது? சுஸுகிக்காரர்களின் தவிப்பை என்னால் உணர முடிகிறது.

சுஸுகியும் டூ-ஸ்ட்ரோக்தான் செய்தது. அது ஏன் ஓடவில்லை என்பதற்கான பதில், அதே விடுதியின் இன்னொரு அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. டெக்னருக்கும் சுஸுகிக்கும் இடையே இரகசியப் பேச்சு தொடங்கியது. சுஸுகிக்காக வண்டி ஓட்ட வேண்டும். காடனின் இன்ஜினுக்கு இணையான ஒன்றை உருவாக்கவும் உதவ வேண்டும். பதிலுக்குப் பெரும் பணமும் மேற்கில் ஒரு வாழ்க்கையும்.

அந்தப் பருவத்தில் டெக்னர் பிடித்த பிடி சாதாரணமானதல்ல. மே மாதம் மேற்கு ஜெர்மனியின் ஹோக்கன்ஹைமில் வெற்றி. ஜூலை 30 அன்று சாக்சன்ரிங்கில், சொந்த மண்ணின் பெருங்கூட்டம் ஆர்ப்பரிக்க வெற்றி. இன்னும் சில வாரங்கள் போனால், சோப்பாவில் செய்த வண்டி உலகப் பட்டத்தோடு நிற்கும். அவருக்கு எதிரே நின்றவர் ஒரே ஒருவர்: ஹோண்டாவின் ஆஸ்திரேலிய வீரர் டாம் பிலிஸ்.

அப்படியானால் தப்பிப்பது எப்போது? பட்டம் வென்ற பிறகா, முன்பா?

அந்தக் கேள்விக்கு வரலாறே நாள் குறித்தது. 1949 முதல் சுமார் 27 இலட்சம் பேர் கிழக்கு ஜெர்மனியை விட்டு வெளியேறியிருந்தார்கள். பெரும்பாலோருக்கு வழி பெர்லின். அந்த நகரில் மட்டும் ரயிலேறியோ நடந்தோ கிழக்கிலிருந்து மேற்குக்குப் போய்விடலாம். 1961 ஆகஸ்ட் 13, ஞாயிறு அதிகாலை. நகரம் தூங்கிக்கொண்டிருந்தபோது முள்கம்பிச் சுருள்கள் தெருவின் குறுக்கே விரிந்தன. விடிந்ததும் ஒரே ஊரில் இருந்த அண்ணனும் தம்பியும் இரண்டு உலகங்களில் இருந்தார்கள்.

டெக்னர் வெளிநாடு போகலாம், வரலாம். அவர் ஓடுவதற்கு வழி இன்னும் திறந்திருந்தது. மனைவிக்கும் குழந்தைகளுக்கும்தான் கதவு அடைபட்டது.

செப்டம்பர் 3. மோன்சாவில் மறுபடி வெற்றி. புள்ளிப்பட்டியலில் முதலிடம். அடுத்த பந்தயம் செப்டம்பர் 17, ஸ்வீடன். அந்த நாட்களில், கிழக்கு ஜெர்மனியின் ஒரு சாலையில், ஒரு கார் எல்லைச் சாவடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் டிக்கியில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஓர் அறை.

(அடுத்த வாரம்...)

வாரம் 3: கிறிஸ்டியன்ஸ்டாட்

டிக்கிக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். டெக்னரின் மனைவி, இரண்டு மகன்கள். சாவடியில் குழந்தை சிணுங்கினால் எல்லோர் கதையும் முடிந்துவிடும். அதனால் தூக்க மருந்து கொடுத்திருந்தார்கள். காரைக் கொண்டுவந்தது, மேற்கு ஜெர்மனி நண்பர் ஒருவரின் ஏற்பாடு. பட்டம், பணம், இன்ஜின் என்று இந்தக் கதையில் எத்தனையோ பேசுகிறோம். எனக்கு இந்தத் தொடரை எழுதத் தூண்டிய காட்சி இதுதான்: மூச்சுவிட இடமில்லாத இருட்டில் மயங்கிக் கிடக்கும் இரண்டு குழந்தைகள், மறுபக்கத்தில் பூட்ஸ் காலடிச் சத்தம்.

அதே நாட்களில் தெற்கு ஸ்வீடனின் கிறிஸ்டியன்ஸ்டாட்டில், அந்தக் குழந்தைகளின் தகப்பன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். கூட இருந்த காடனுக்கு எதுவும் தெரியாது. ஐந்து ஆண்டுகள் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே இன்ஜினுக்காக இரவுகளைத் தொலைத்த இருவர். ஒருவர் மனத்தில் இன்றைய வெற்றி. இன்னொருவர் மனத்தில் இன்றைய இரவு.

அந்நாளில் முதலிடத்துக்கு 8 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 6. ஒரு வீரரின் சிறந்த ஆறு பந்தயங்கள் மட்டுமே கணக்கில் வரும். டெக்னரிடம் ஏற்கெனவே 42 இருந்தது. இங்கே வென்றால் பட்டம் ஏறக்குறைய கையில்.

கொடி விழுந்தது. டெக்னர் அம்பாகப் பாய்ந்தார். முன்னணியில் அவர்தான். ஆனால் பந்தயம் சூடு பிடிக்கும் முன்பே அவருடைய இன்ஜின் செத்தது. வண்டி ஓரம் கட்டியது. பந்தயத்தை வென்றவர் ஹோண்டாவின் லூய்ஜி டவேரி. பிலிஸுக்குக் கிடைத்தது ஆறாம் இடம், ஒரே ஒரு புள்ளி. பட்டம் யாருக்கு என்பது கடைசிப் பந்தயமான அர்ஜென்டினாவுக்குத் தள்ளிப்போனது.

எம்.இசட் குழு மூட்டை கட்டத் தொடங்கியபோது டெக்னரைக் காணோம். தன்னுடைய வார்ட்பர்க் காரை எடுத்துக்கொண்டு டென்மார்க் போய், அங்கிருந்து மேற்கு ஜெர்மனிக்குள் நுழைந்துவிட்டார். குடும்பமும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.

கிழக்கு ஜெர்மனி கொதித்தது. துரோகி என்றது. அதோடு நிற்காமல், ஸ்வீடனில் இன்ஜினை வேண்டுமென்றே சிதைத்தவர் டெக்னர்தான் என்றும் குற்றம் சாட்டியது. இந்தக் குற்றச்சாட்டை இன்றும் பலர் எழுதுகிறார்கள். நான் நம்பவில்லை. சுஸுகியின் வாசலில் போய் நிற்கும் மனிதனுக்கு எது இலாபம்? கையில் உலகப் பட்டமா, செத்த இன்ஜினா? பட்டத்தோடு போயிருந்தால் அவர் விலை இன்னும் ஏறியிருக்கும். தவிர, லிட்டருக்கு 200 குதிரைத்திறன் பிழிந்தெடுக்கப்பட்ட இன்ஜின் அது. கத்திமுனையில் நடப்பதுபோல்தான் அதன் ஒவ்வொரு சுற்றும். ஆயிரம் சுற்று கூடப் போனால் போதும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அன்று டெக்னர் பதற்றத்தில் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கலாம். அந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது.

அவர் பட்டத்தை விட்டுவிடவில்லை என்பதற்கு அடுத்து நடந்ததே சாட்சி. கிழக்கு ஜெர்மனி அவருடைய ரேஸ் உரிமத்தைப் பறித்தது. அவர் மேற்கு ஜெர்மனி உரிமம் வாங்கினார். எம்.இசட் வண்டி இல்லை. இங்கிலாந்தில் ஜோசப் எர்லிக் என்ற இன்ஜினியர் செய்த ஈ.எம்.சி. டூ-ஸ்ட்ரோக்கைக் கேட்டு வாங்கி, அதில் அர்ஜென்டினாவில் ஓட்டத் திட்டமிட்டார். வண்டி உரிய நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

அக்டோபர் 15, புவனோஸ் அயர்ஸ். டாம் பிலிஸ் வென்றார். 1961-ஆம் ஆண்டு 125 சிசி உலகப் பட்டம்: பிலிஸ் 44 புள்ளி, டெக்னர் 42.

நாடு போயிற்று, பட்டம் போயிற்று, ஒரே மேசையில் சாப்பிட்ட நண்பரும் போனார். நவம்பரில் டெக்னர் ஜப்பானில் இறங்கினார். சுஸுகி அவருக்காகக் காத்திருந்தது. ஆனால் ஒரு மனிதன் தன் தலைக்குள் சுமந்துவந்ததை இரும்பாக மாற்ற முடியுமா? ஆறே மாதங்கள்தான் இருந்தன.

(அடுத்த வாரம்...)

வாரம் 4: எட்டு குதிரைகள்

சிலிண்டர், பிஸ்டன், வரைபடங்கள் என்று ஒரு பை நிறைய டெக்னர் கடத்திக்கொண்டு போனதாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். பை இருந்திருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரியது அவருக்குத் தெரிந்திருந்தது: குழாயின் எந்த நீளத்துக்கு இன்ஜின் எப்படிக் கத்தும், எந்தத் துவாரத்தை எவ்வளவு உயர்த்தினால் எங்கே சக்தி பிறக்கும். இதை எந்தச் சுங்கச்சாவடியும் சோதித்துப் பறிக்க முடியாது.

சோப்பாவின் அறிவு ஹமாமட்சுவுக்கு வந்தது இது முதல்முறையும் அல்ல. டிகேடபிள்யூவின் ஆர்டி 125 என்ற எளிய வண்டியை மாதிரியாக வைத்துத்தான் யமஹா 1955-ல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. போரில் தோற்ற ஜெர்மனியின் காப்புரிமைகளை யாரும் மதிக்கவில்லை. இங்கிலாந்தும் அமெரிக்காவும் ரஷ்யாவும்கூட அதே வண்டியைப் பிரதி எடுத்தன. டெக்னரை மட்டும் திருடன் என்று சொல்லும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

1962-ல்தான் 50 சிசிக்கு முதன்முதலாக உலகப் பட்டம் அறிவித்தார்கள். நம் ஊர் மொபெட் அளவு இன்ஜின். சுஸுகி அதற்காகச் செய்த ஆர்எம் 62-இல் ஒற்றை சிலிண்டர், சுமார் 8 குதிரைத்திறன், 8 கியர். சக்தி பிறக்கும் இடைவெளி அத்தனை குறுகலானது என்பதால்தான் இத்தனை கியர். இன்ஜின் அந்த இடைவெளியை விட்டு நழுவாமல் காலால் ஓயாமல் கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பருவத்தின் முதல் பந்தயங்களில் மேற்கு ஜெர்மனியின் கிரைட்லர் வண்டிகள் சுஸுகியை ஓரங்கட்டின. ஆறு மாத உழைப்பும் வீணோ என்ற கவலையோடுதான் ஜூன் மாதம் ஐல் ஆஃப் மேனுக்கு வந்தார்கள்.

அந்த வாரம் தீவில் துக்கம். ஜூன் 6 அன்று, ஜூனியர் டி.டி. பந்தயத்தில் ஹோண்டா ஓட்டிய ஒருவர் லாரல் பேங்க் என்ற வளைவில் விழுந்து இறந்தார். அவர் டாம் பிலிஸ். இரண்டு புள்ளிகளில் டெக்னரிடமிருந்து பட்டத்தைப் பெற்றவர் எட்டே மாதங்களில் போய்விட்டார்.

அதே வாரத்தில் 50 சிசி பந்தயமும் நடந்தது. தீவைச் சுற்றிய மலைப்பாதை ஒரு சுற்றுக்கு சுமார் 60 கிலோமீட்டர். கல்சுவர்கள், விளக்குக் கம்பங்கள், வீட்டு வாசற்படிகளுக்கு நடுவே இரண்டு சுற்று. ஓட்டியவர்களில் பெரில் ஸ்வைன் என்ற பெண்ணும் இருந்தார். டி.டி.யில் தனி வண்டி ஓட்டிய முதல் பெண் அவர். டெக்னர் ஒரு மணி நேரத்தையும் சில நொடிகளையும் எடுத்துக்கொண்டு முதலாவதாக வந்தார். சராசரி வேகம் மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர். மொபெட் அளவு இன்ஜினில்! சுஸுகியின் முதல் டி.டி. வெற்றி அது.

அதற்குப் பிறகு நெதர்லாந்து, பெல்ஜியம், மேற்கு ஜெர்மனி. தொடர்ந்து நான்கு வெற்றி. பருவம் முடிந்தபோது 50 சிசி உலகப் பட்டம் எர்ன்ஸ்ட் டெக்னருக்கு. சுஸுகிக்கு அதுதான் முதல் உலகப் பட்டம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் வென்ற முதல் உலகப் பட்டமும் அதுதான். காடனின் கணக்கு சரி என்று உலகம் ஒப்புக்கொண்டது, வேறொரு கம்பெனியின் பெயரில்.

அந்த நவம்பரில் ஜப்பானில் புதிதாகக் கட்டிய சுஸுகா பந்தயக் களத்தில் முதல் பந்தயம் நடந்தது. 2005-ல் கோவையின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் கார் ஓட்டினாரே, அதே சுஸுகா. திறப்பு விழாப் பந்தயத்தில் 50 சிசி வண்டியோடு ஒரு வலதுவளைவில் டெக்னர் விழுந்தார். பெரிய காயமில்லை. அந்த இடத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஓர் ஆண்டு போயிற்று. 1963 நவம்பர் 10. அதே சுஸுகா, ஜப்பான் கிராண்ட் பிரீ, 250 சிசி பந்தயம். சுஸுகியின் புத்தம்புது நான்கு சிலிண்டர் வண்டி. டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது. முதல் சுற்று இன்னும் முடியவில்லை. டெக்னரின் வண்டி கவிழ்ந்தது. ஒரு கணம் அமைதி. பிறகு நெருப்பு.

(அடுத்த வாரம் முடியும்)

வாரம் 5: பெயர் மட்டும் நின்றது

உயிரோடுதான் எடுத்தார்கள். முகமும் உடலும் கருகியிருந்தன. தோலை வெட்டி ஒட்டும் அறுவை சிகிச்சை ஐம்பது தடவைக்கு மேல் நடந்தது.

பலர் டெக்னர் வளைவு என்ற பெயர் இந்தத் தீவிபத்தால் வந்தது என்று எழுதுகிறார்கள். அது தவறு. பெயர் அதற்கு ஓராண்டு முன்பே, சிராய்ப்போடு எழுந்துபோன அந்த விழுதலில் வந்தது.

பத்து மாதம் கழித்து, 1964 செப்டம்பரில், மோன்சாவில் அவர் மறுபடி வண்டியேறினார். 125 சிசியில் மூன்றாம் இடம். இரண்டு மாதத்தில் அதே சுஸுகாவுக்குப் போய் ஜப்பான் கிராண்ட் பிரீயின் 125 சிசி பந்தயத்தை வென்றார். தன்னை எரித்த தரையிலேயே திரும்ப வந்து வெல்ல எப்படிப்பட்ட நெஞ்சு வேண்டும்! ரேஸ் வரலாற்றில் இதற்கு நிகரான மீட்சிகள் சிலவே உண்டு என்பேன். 1965-லும் சில பந்தயங்களை வென்றார். ஆனால் உடம்பு பழைய உடம்பு இல்லை. விழுவதும் எலும்பு முறிவதும் தொடர்ந்தது. வலியைத் தணிக்கக் கொடுத்த மருந்துகள் அவரை விடவில்லை, அவரும் அவற்றை விட முடியவில்லை. 1966 பருவத்தோடு பந்தயத்திலிருந்து ஒதுங்கினார்.

பின்னாளில் ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவில் வாடகைக்கு வண்டி விடும் தொழில் செய்தார். 1983 செப்டம்பர் 10 அன்று அங்கே இறந்தார். வயது 51. மாரடைப்பு என்றார்கள். ஸ்டாசியின் கை நீண்டது என்று ஒரு பேச்சு உடனே கிளம்பியது, இன்னும் ஓயவில்லை. அதற்கு ஆதாரம் எதையும் யாரும் காட்டியதில்லை. இருபது ஆண்டுகளாக எரிந்த உடம்போடும் மருந்தோடும் போராடிய ஒருவர் ஐம்பத்தொன்றில் சாவதற்குக் கொலைகாரன் தேவையில்லை. அவர் இறந்து ஆறு ஆண்டுகளில் பெர்லின் சுவர் விழுந்தது. அவர் தப்பி வந்த நாடே அடுத்த ஆண்டில் இல்லாமல் போயிற்று.

சுஸுகி தொடர்ந்து வென்றது. யமஹாவும் அதே பாதையில் வந்தது. 1975 முதல் 2001 வரை மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உச்சமான 500 சிசி உலகப் பட்டத்தை வென்ற ஒவ்வொரு வண்டியும் டூ-ஸ்ட்ரோக். ஃபோர்-ஸ்ட்ரோக்கையே தெய்வமாகக் கும்பிட்ட ஹோண்டாவும் கடைசியில் இறங்கி வந்தது. 1980-களில் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து இன்ட்-சுஸுகி என்ற பெயரோடு நம் தெருக்களுக்கு வந்த சின்ன டூ-ஸ்ட்ரோக்கும் இந்த வம்சம்தான்.

டெக்னர் செய்தது சரியா? வாசகர்கள் கேட்பீர்கள் என்று தெரியும். மனைவி மக்களைப் பிணையாக வைத்து ஒரு மனிதனை நடத்திய அரசுக்கு, அவன் ஓடிவிட்டான் என்று கோபப்பட உரிமையில்லை. அந்த அளவில் நான் டெக்னரின் பக்கம். ஆனால் அவர் கொண்டுபோனது அரசின் சொத்தல்ல, வால்டர் காடனின் வாழ்க்கை. காடன் அந்த அரசு அல்ல. அந்தக் கணக்கை டெக்னர் தீர்க்கவே இல்லை.

டெக்னர் போன பிறகு ஸ்டாசியின் சந்தேகப் பார்வை காடன் மேலும் குழுவின் மேலும் விழுந்தது. வெளிநாட்டுப் பயணங்கள் சுருங்கின. மேற்கே அவருக்கு வாய்ப்புகள் இருந்தும் அவர் சோப்பாவை விட்டுப் போகவில்லை. அதே பட்டறையில், அதே பற்றாக்குறையில், இன்ஜின்களைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். 1996 மார்ச் 3 அன்று இறந்தார். அவருடைய எம்.இசட் ரோடு ரேஸில் ஒருமுறைகூட உலகப் பட்டம் வெல்லவில்லை.

(முற்றும்)